சேர்க்காவிட்டால் பெட்டை செத்துவிடுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். லயத்துக்குப் பின்னால் ஆறு ஆடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன். எலி தீவனத்தையும் விடுவதில்லை, முட்டையையும் விடுவதில்லை. அதனால் இரண்டு வருடத்துக்கு முன், கீரி மாதிரி ஒல்லியாக இருக்கும் ஃபெரெட் என்ற வளர்ப்பு விலங்கு ஒரு ஜோடி வாங்கினேன். கொட்டகை ஓரத்துப் பொந்துகளில் புகுந்து நன்றாக வேலை செய்கின்றன. சென்ற வருடம் பெட்டை ஏழு குட்டி போட்டது. ஒரு பெட்டைக் குட்டியை வைத்துக்கொண்டு ஆறைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்று மத்தியான வெயிலில் செத்துவிட்டது, ஒன்று செம்பனைக்குள் ஓடிப்போனது, இரண்டு நன்றாக இருக்கின்றன, மற்ற இரண்டைப் பற்றித் தகவல் இல்லை. இப்போது அந்த மகள் பெட்டை பருவத்துக்கு வந்து 24 நாள் ஆகிறது. தாய்க்கும் நான்கு நாளாகப் பருவம். கடுவனைத் தனியாக அடைத்து வைத்திருக்கிறேன். ‘சேர்க்காவிட்டால் பெட்டை செத்துவிடும்’ என்கிறார் நண்பர். அப்பனோடு மகளைச் சேர்க்கலாமா? வருடத்துக்கு எத்தனை ஈற்று எடுக்கலாம்? பக்கத்துத் தோட்டங்களிலும் எலித் தொல்லை இருப்பதால், நல்ல எலி பிடிக்கும் வம்சமாகப் பெருக்கிக் குட்டி 300 வெள்ளிக்கு விற்கலாம் என்று நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, முதலில் மகள் பெட்டையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்ற கேள்விகள் காத்திருக்கும், அது காத்திருக்காது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே, கீழே எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன், நீங்களும் கொண்டுபோனீர்கள். அதற்கு என் நன்றி. இதே நிலையில் வேறு வீடுகளிலும் பெட்டைகள் இருக்கக்கூடும் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி மிகவும் முக்கியமானது. உங்கள் ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், கிடாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஃபெரெட் அப்படி இல்லை. பூனை, முயல் போல, கடுவன் சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டை வெளியாகும். கழுத்தைக் கவ்விப் பிடித்து இழுத்துச் சேர்ந்த பிறகு, 30 முதல் 40 மணி நேரத்தில் முட்டை இறங்கும். அதுவரை உடம்பு பருவத்திலேயே நிற்கும். பிறப்புறுப்பு வீங்கியே இருக்கும், ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும்.

அந்த ஈஸ்ட்ரோஜன்தான் விஷமாகிறது. வாரக்கணக்கில் அது இரத்தத்தில் உயர்ந்தே இருந்தால் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிடும். சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. ஒரு மாதம் தாண்டினால் ஆபத்து வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலிலும் இடுப்பிலும் முடி கொட்டும். ஈறு வெளுக்கும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கன்றிப்போன தடங்கள் தெரியும். பின்னங்கால் தள்ளாடும். இந்தக் கட்டத்தில் என்னிடம் வந்தவற்றில் சிலவற்றைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது, பலவற்றை முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் பையன் தன் பெட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். ‘இரண்டு மாதமாக வீங்கியிருக்கிறது டாக்டர், வலிக்காத மாதிரிதான் இருந்தது’ என்றான். ஈறு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அன்று மாலைக்குள் போய்விட்டது. அந்தப் பையனுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, பருவத்தை இறக்க வேண்டும் என்பது உண்மை. அதற்குக் குட்டி போட வைப்பதுதான் வழி என்பது உண்மையில்லை. நண்பர் சொன்னதில் தவறான பாதி இதுதான். கடுவன் இல்லாமலே பருவத்தை இறக்க நான்கைந்து வழிகள் உண்டு. ஃபெரெட் வைத்து முயல் பிடிக்கும் பழக்கம் பல நூற்றாண்டாக இருக்கும் பிரிட்டனில் இவை சாதாரணமாக நடப்பவை.

உங்கள் மகள் பெட்டைக்கு இப்போது செய்தது ஹார்மோன் ஊசி. பருவம் தொடங்கிப் பத்து நாளுக்குப் பிறகு போட்டால், கடுவன் சேர்ந்ததாக உடம்பு நம்பி முட்டையை இறக்கிவிடும். சில நாளில் வீக்கம் வடியத் தொடங்கும். பிறகு சுமார் ஆறு வாரத்துக்குப் பொய்ச்சினை இருக்கும். வயிறு கொஞ்சம் பெருக்கும், துணியை இழுத்துப்போட்டுக் கூடு கட்டும். பயப்படாதீர்கள், உள்ளே குட்டி இருக்காது. ஆனால் அந்த ஆறு வாரம் முடிந்ததும் பருவம் திரும்பி வரலாம். ஆகவே ஊசி என்பது தீயை அணைப்பது போலத்தான், நிரந்தர ஏற்பாடு இல்லை.

அடுத்தது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் குச்சி. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது. மூளையிலிருந்து வரும் உத்தரவையே அது நிறுத்திவைக்கும், ஓராண்டுக்கு மேல் தாங்கும். கடுவனுக்கும் வைக்கலாம். வாடையும் முரட்டுத்தனமும் குறையும். அறுவை இல்லை, பெரிய ஆபத்து இல்லை. வேலைக்கென்று இரண்டு மூன்று ஃபெரெட் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்லாக் கிளினிக்கிலும் இருப்பு இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். விலை குறைவில்லைதான். ஆனால் ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு இறைச்சியும் தடுப்பூசியும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், குச்சி மலிவாகத் தெரியும்.

மூன்றாவது, பிரிட்டனில் வேலை ஃபெரெட் வைத்திருப்பவர்கள் விரும்பும் வழி. ஒரு கடுவனுக்கு விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிடுவார்கள். விதை அப்படியே இருக்கும், ஆசையும் இருக்கும், குட்டி மட்டும் உண்டாகாது. பெட்டை பருவத்துக்கு வரும்போது அதனோடு விட்டால் பருவம் இறங்கிவிடும். அறுவை முடிந்து ஆறேழு வாரமாவது பெட்டைகளோடு விடக்கூடாது, குழாயில் விந்து மிச்சம் இருக்கும். உங்கள் கடுவனுக்கு இதைச் செய்யலாம். ஆனால் அதன் சேர்க்கை மென்மையானது இல்லை. கழுத்தில் காயமாகும், சில சமயம் மணிக்கணக்கில் நீளும். இரண்டு பெட்டைக்காக ஒரு கடுவனை இந்த வேலைக்கென்று வைத்திருப்பதை விட, மூன்றுக்கும் குச்சி வைப்பது எளிது.

முழுக் கருத்தடை அறுவையும் உண்டு. பெட்டைக்குச் சினைப்பையை எடுப்பது, கடுவனைக் காயடிப்பது. ஒரு முறை செய்தால் முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்த ஃபெரெட்களில் சில ஆண்டுகள் கழித்து அட்ரினல் சுரப்பி பெருத்து நோயாவது அதிகம். அடக்க ஆள் இல்லாத மூளை ஹார்மோன் அந்தச் சுரப்பியைத் தொடர்ந்து தூண்டுவதுதான் காரணம். அதனால் அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடா வருடம் வர முடியாதவர்களுக்கு அதுவே நல்லது. தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மருந்தில்லாத ஒரு காரியமும் இருக்கிறது. அது உங்கள் வீட்டு விளக்கு. ஃபெரெட்டுக்குப் பருவத்தைச் சொல்லிக்கொடுப்பது வெளிச்சம். ஐரோப்பாவில் குளிர்காலத்துக் குட்டைப் பகலில் அடங்கியிருந்து, வசந்தத்தில் பகல் நீளும்போது பருவத்துக்கு வரும். நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், பேராக்கில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். அதன் மேல் நாம் இரவு பதினொரு மணி வரை அடுப்படி விளக்கை எரியவிடுகிறோம். பெட்டி அந்த வெளிச்சத்தில் இருந்தால் அது 16 மணி நேரப் பகலைப் பார்க்கிறது. வேண்டுமென்றே குட்டி எடுக்கும் பண்ணைகளில் கொடுக்கும் வெளிச்சக் கணக்கும் அதேதான்! நீங்கள் அறியாமலே இரண்டு பெட்டையையும் பருவத்துக்குத் தூண்டிக்கொண்டிருக்கிறீர்கள். கூண்டை விளக்கு படாத இடத்துக்கு மாற்றுங்கள், பொழுது சாய்ந்ததும் இருட்டாக்குங்கள். காற்று போக வேண்டும், கனமான தார்ப்பாயைப் போட்டு மூடிவிடாதீர்கள். இதனால் பருவம் வராமலே போய்விடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். தூண்டுதல் குறையும், அவ்வளவுதான். ஏற்கெனவே பருவத்தில் நிற்கும் பெட்டைக்கு இது மருந்தில்லை.

தாய்க்கு நான்கு நாள்தானே ஆகிறது. இன்னும் ஒரு வாரம் பொறுத்து அதற்கும் ஊசி, அல்லது இப்போதே குச்சி. உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். நாட்காட்டியில் பருவம் தொடங்கிய நாளைக் குறித்துவையுங்கள். ஃபெரெட் வைத்திருப்பவர் வீட்டில் இருக்க வேண்டிய முதல் பொருள் அந்த நாட்காட்டிதான்.

இனி அப்பனுக்கு மகளைச் சேர்ப்பது. வேண்டாம், தம்பி. ‘வேலைத் திறமை இரட்டிப்பாகும்’ என்று யாராவது சொன்னால், மறைந்திருக்கும் குறையும் அதே மாதிரி இரட்டிப்பாகும் என்று பதில் சொல்லுங்கள். ஒரு குறை வெளியே தெரிய, பல சமயம் அப்பன் பக்கமும் அம்மா பக்கமும் சேர்ந்து வர வேண்டும். ஒரே இரத்தத்தைச் சேர்த்தால் அது கைகோர்த்து வந்துவிடும். ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். உங்கள் கடுவனுக்கு நெற்றியில் உச்சி வரை வெள்ளைப் பட்டை இருக்கிறது என்று போனில் சொன்னீர்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டையோ தலை முழுக்க வெள்ளையோ இருக்கும் ஃபெரெட்களில் பிறவிச் செவிடு மிகவும் அதிகம். அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். செவிட்டு ஃபெரெட் வீட்டில் அன்பாக வாழும், அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பொந்துக்குள் போன பிறகு கூப்பிட்டால் வராது, நாய் வருவதும் தெரியாது. வேலைக்கென்று வம்சம் தொடங்குபவர் அந்த இரத்தத்திலிருந்து தொடங்கக்கூடாது.

அடுத்து எண்ணிக்கை. ஒரு ஈற்றுக்குச் சராசரி எட்டுக் குட்டி என்று வைப்போம், பத்துக்கு மேலும் போகும். சினை 42 நாள். குட்டிகளைப் பிரித்த இரண்டு வாரத்தில் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு ஈற்று சிரமமே இல்லாமல் நடந்துவிடும். உங்கள் இரண்டு பெட்டையும் இரண்டு ஈற்றுப் போட்டால் 32 குட்டி. பாதி பெட்டை என்றால் 16. அடுத்த வருடம் அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஈற்றுப் போட்டாலும் 128. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை தேடினாலும், ஃபெரெட்டைச் சரியாக வைத்துக்கொள்ளக்கூடிய 128 வீடு உங்களுக்குக் கிடைக்குமா? உங்கள் கையாலேயே கொடுத்த ஆறில் என்ன ஆயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு உங்களை மதிக்கிறேன். ஆறில் இரண்டுதான் நன்றாக இருக்கின்றன. அதுவும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது. 300 வெள்ளி வாங்கிக்கொண்டு தெரியாதவருக்குக் கொடுத்தால் கணக்கு இதைவிட மேலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெயிலில் செத்த அந்தக் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெரெட் உடம்பில் வியர்த்துச் சூடு தணிக்கும் வசதி இல்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். நமக்கு அது சாதாரண முற்பகல், தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேலே. ஃபெரெட் வேலை பிறந்த ஊர்களில் அது குளிர்கால வேலை. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வருமுன் முடித்துவிடுவார்கள். முயல் வளையின் வாய்களில் வலை கட்டி ஃபெரெட்டை உள்ளே விட, முயல் வெளியே ஓடிவந்து வலையில் விழும். அந்தக் குளிருக்கும் அந்த வளைக்கும் ஏற்ற உடம்பு இது. நம் ஊரில் வேலை வாங்குவதானால் விடியற்காலை, ஒரு மணி நேரத்துக்குள். பகலில் சிமென்ட் தரை, நிழல், துணி சுற்றிய ஐஸ் தண்ணீர்ப் புட்டி, முடிந்தால் மின்விசிறி ஓடும் அறை. சினைப் பெட்டைக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும் இந்தச் சூடு இரண்டு மடங்கு தண்டனை.

பக்கத்துத் தோட்டங்களுக்கு விற்கும் யோசனையைத்தான் நான் முழுதாக மறுக்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவன், எலி தின்ற குலையை அப்பா கொண்டுவந்து காட்டியது நினைவிருக்கிறது. தோட்டத்து எலி உங்கள் கொட்டகை எலி மாதிரி இல்லை. செம்பனையில் அதிகம் இருக்கும் காட்டெலி பொந்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் இருக்கும், மரமேறிக் கொண்டையில் மட்டை இடுக்கில் இருக்கும். ஃபெரெட் நீளமாக, ஒல்லியாக, குட்டைக் காலோடு இருப்பது பொந்துக்காக. மரமேற அதற்குத் தெரியாது. அதோடு, நிறையத் தோட்டங்களில் எலிக்கு மெழுகுக் கட்டி மருந்து வைக்கிறார்கள். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து அது. தின்ற எலி உடனே சாகாது, நான்கைந்து நாள் தள்ளாடித் திரியும். ஃபெரெட் முதலில் பிடிப்பது அந்தத் தள்ளாடும் எலியைத்தான். அடுத்த வாரம் அதன் மூக்கிலும் மலத்திலும் இரத்தம் வரும். நீங்கள் விற்ற குட்டிக்கு அந்தக் கதி வரவேண்டுமா? உங்கள் சொந்தத் தோட்டத்திலும் மருந்து வைக்கும் நாட்களை மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த வாரங்களில் ஃபெரெட்டை வெளியே விடாதீர்கள். பல்லில் மாட்டிய எலியை அதற்கே தின்னக் கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல், நம் ஊரில் ‘கென்சிங் திகுஸ்’ என்கிறோமே, அது உங்களுக்கும் வரும். பொந்தருகே வேலை செய்யும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள்.

தோட்டத்து எலிக்கு உள்ளூரிலேயே ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார், கூகை. செம்பனையின் எலியைத் தேடி அது தானாகவே நம் தீபகற்பத்தில் பரவியது. 1960களின் இறுதியில் ஜொகூர்ப் பக்கம் கூடு வைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு தோட்டங்கள் கம்பத்தில் பெட்டி கட்டி வைக்கத் தொடங்கின. ஓர் இணை தன் குஞ்சுகளோடு சேர்ந்து வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது இத்துறையில் சொல்லப்படும் கணக்கு. சோறு போட வேண்டாம், ஊசி வேண்டாம், எலி குறைந்தால் அதுவும் குஞ்சைக் குறைத்துக்கொள்ளும். கூகை அலறினால் சாவு வரும் என்று நம் பாட்டிமார் சொன்னதால் லயத்தருகே பெட்டி வைக்கச் சிலர் விடுவதில்லை. அவர்களிடம் பேசிப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எலிக்கு வழி கேட்டால் குட்டிக்குப் பதிலாகக் கூகைப் பெட்டியைச் சொல்லுங்கள். மருந்துக் கட்டி கூகையையும் கொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓடிப்போன அந்த ஒன்று உங்களை உறுத்துகிறது என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. நம் வெயிலிலும் நாய்களிடமும் அது பிழைத்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பிழைக்கும் ஊரில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1872-ல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் எலி பிடிக்கக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். ஒன்பதே ஒன்பது! அவற்றின் வம்சம் கரீபியன் கடல் வட்டாரத்தில் தீவு தீவாகப் போனது. எலியோடு நில்லாமல் கோழியையும் தரையில் கூடு கட்டும் பறவையையும் தின்றது. நியூசிலாந்தில் 1880களில் முயலை ஒடுக்க ஃபெரெட்டையே ஆயிரக்கணக்கில் விட்டார்கள். இன்று அது கிவிப் பறவையை வேட்டையாடுகிறது. 2002-லிருந்து அங்கே ஃபெரெட்டை விற்பதற்கும் குட்டி எடுப்பதற்கும் தடை. அங்கேயும் எல்லோரும் உங்களைப் போல, தொல்லை தீர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள்தான்.

சரி, இதையெல்லாம் படித்த பிறகும், உங்கள் கொட்டகைக்கு அடுத்த தலைமுறை வேண்டும் என்று நினைக்கலாம். தாய்க்கு வயதாகும், வேலை தெரிந்த ஒன்று அதன் இடத்துக்கு வர வேண்டும். அது நியாயமான ஆசை. அப்படியானால் உங்களுக்குத் தேவை ஒன்று, அல்லது இரண்டு குட்டி. ஆனால் ஈற்றில் எட்டு வரும். மிச்சம் ஆறுக்கும் வீடு பார்த்து வைத்த பிறகுதான் கடுவனை அவிழ்த்துவிட வேண்டும். வாய்ப்பேச்சுப் போதாது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். வெயில் படாத இடம் இருக்கிறதா, நாய் கட்டியிருக்கிறதா, பெட்டையென்றால் பருவத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்குக் கொடுக்காதீர்கள். ஆறு பேர் சேராவிட்டால் அந்த வருடம் ஈற்று வேண்டாம். கொடுத்த குட்டியை எப்போது திருப்பித் தந்தாலும், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கூண்டில் இடம் இருக்க வேண்டும். தகவல் தெரியாத அந்த இரண்டு குட்டிகளையும் இந்த மாதமே தேடிப் பாருங்கள். அவற்றில் பெட்டை இருந்தால் அதற்கும் இதே 24 நாள் கதைதான்.

ஒரு பெட்டைக்கு வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் வேண்டாம், வருடா வருடமும் வேண்டாம். ஒரு வயது நிரம்பாமல் சேர்க்காதீர்கள். கடுவன் வேறு இரத்தமாக, முகத்தில் வெள்ளைப் பட்டை இல்லாததாக, கையில் எடுத்தால் கடிக்காததாக இருக்க வேண்டும். எலி பிடிப்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எலி பிடிக்கும் குணம் எல்லா ஃபெரெட்டிலும் இருக்கிறது, நிதானம்தான் எல்லாவற்றிலும் இல்லை. கடிக்கும் குட்டியை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் ரோட்டுக்கு வந்துவிடும்.

சினையின் கடைசி வாரத்தில் ஒரு வேளைகூடப் பட்டினி போடக்கூடாது. ஃபெரெட்டின் குடலில் தீனி மூன்று நான்கு மணி நேரம்தான் நிற்கும். வயிறு நிறையக் குட்டியோடு பட்டினி கிடந்தால் உடம்பில் விஷமேறித் தாயும் குட்டியும் போய்விடும். ஈன்ற முதல் வாரம் பெட்டியை யாரும் திறந்து பார்க்க வேண்டாம். பதறிய தாய் குட்டியைத் தின்றுவிடும். குட்டி பத்துக் கிராம்கூட இருக்காது, கண் திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது வாரத்திலிருந்து கண் திறக்காமலே இறைச்சி நக்கத் தொடங்கும். அப்போதிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். கோழி, ஆடு, முட்டை, ஈரல் என்று பலவிதமாகக் கொடுங்கள், சின்ன வயதில் முகர்ந்து பழகாததைப் பெரிதானதும் தீனியாகவே ஏற்காது. வீட்டில் யாருக்காவது சளிக் காய்ச்சல் என்றால் குட்டியைத் தூக்க வேண்டாம். நம் ஃப்ளூ ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். மனித ஃப்ளூ வைரஸை 1933-ல் லண்டனில் முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுக்குத் தொற்றவைத்துத்தான்.

எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. டிஸ்டெம்பர் தடுப்பூசி அவசியம். தோட்டத்தில் திரியும் நாய்களிடம் இந்த நோய் இருக்கிறது, ஃபெரெட்டுக்கு வந்தால் அனேகமாகப் பிழைப்பதே இல்லை. ஆனால் நாய்க்குப் போடும் ஊசியில் பாதியைப் போட்டால் போதும் என்று சொல்வோரை நம்பாதீர்கள். சில நாய்த் தடுப்பூசிகள் ஃபெரெட்டுக்கு அந்த நோயையே கொடுத்துவிடும். எந்த ஊசி சரி என்பதை ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். விலங்குகளைக் கைவிடுவதும் தேவையானதைச் செய்யாமல் விடுவதும் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் வருகிறது. விற்பதற்கென்று குட்டி எடுத்தால் உரிமம் பற்றி கால்நடைச் சேவைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து புது இரத்தம் வரவழைக்கும் எண்ணம் இருந்தால் இறக்குமதி அனுமதி முதலில்.

உங்கள் மகள் பெட்டைக்கு ஊசி போட்ட அன்று எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். சிவப்பணு அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. 25 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் வேறு ஃபெரெட்டின் இரத்தம் ஏற்ற யோசிக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக ஃபெரெட்களுக்குள் இரத்த வகைச் சிக்கல் இல்லை, உங்கள் கடுவனே கொடுத்துவிடலாம். அது தேவைப்படவில்லை. நேற்று இரவு நீங்கள் அனுப்பிய படத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது, ஈறும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு முறை இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தவறாமல் போங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள், பெட்டியில் ஐஸ் புட்டி வையுங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து 40 நாளை நாட்காட்டியில் எண்ணிச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்த வட்டம் வருவதற்குள் மூன்றுக்கும் குச்சி வைக்க நாள் வாங்கிவிட வேண்டும். அதுவரை கடுவனின் கூண்டுக்கு நல்ல பூட்டாகப் போடுங்கள், கம்பியைத் திருகிவைத்தால் அது மூக்கால் தள்ளித் திறந்துவிடும்.